சி.ஐ.பி ஆசிட்டை வடிக்கும்போது ஹைப்போ வாடை வருது, எங்கே தப்பு?

பாலாடை77:

தினம் 30,000 லிட்டர் ஓடுற டெய்ரி. சி.ஐ.பி (மெஷினைக் கழட்டாம உள்பக்கம் கழுவற முறை) ரூம்ல 1000 லிட்டர் டேங்க் மூணு: காஸ்டிக் (காஸ்டிக் சோடா, காரம்), நைட்ரிக் ஆசிட், சுடுதண்ணி. பேஸ்சுரைசர், ரெண்டு சைலோ (பெரிய பால் தொட்டி), பாக்கெட் மெஷின் லைன் எல்லாத்துக்கும் இதுதான். டோசிங் பம்ப் இல்லை, ஆளுங்க கையால அளந்து ஊத்தறாங்க.

பேஸ்சுரைசர் கழுவற வரிசை: தண்ணி தெளிஞ்சு வர்ற வரைக்கும் முதல் அலசல், காஸ்டிக் 1.5 சதவீதம் 75 டிகிரியில 30 நிமிஷம், தண்ணி, ஆசிட் 0.8 சதவீதம் 65 டிகிரியில 20 நிமிஷம், தண்ணி, கடைசியா 90 டிகிரி சுடுதண்ணி 15 நிமிஷம். கழுவறதுல குறை இல்லை, ஸ்வாப் (பஞ்சால துடைச்சு சுத்தம் பார்க்கற டெஸ்ட்) ரிசல்ட் நல்லாவே வருது. பிரச்சினை ஆளுங்க பாதுகாப்புலதான்.

முதல் கேள்வி. வாரத்துல ரெண்டு மூணு நாள், பழைய ஆசிட்டை டேங்க்ல இருந்து வடிச்சு விடறப்போ தரைக் கால்வாய்ல இருந்து ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், பிளீச் திரவம்) வாடை குப்புனு ஏறுது. இருமல் வந்து எல்லாரும் வெளிய ஓடறாங்க. ஆனா சி.ஐ.பி-க்கு நாங்க ஹைப்போவே சேர்க்கறதில்லை. ஆசிட் கேன்லயே ஏதாவது கலப்படமா?

ரெண்டாவது, காஸ்டிக் பிளேக்ஸை 20 லிட்டர் பக்கெட்ல கரைச்சு டேங்க்ல ஊத்தறாங்க. சில நாள் பக்கெட்டே கொதிச்சு தெறிக்குது. வேற என்ன வழி?

மூணாவது, ஒரு சைலோவுல ஸ்ப்ரே பால் (உள்ளே கழுவற தண்ணியைத் தெளிக்கற துளை உருண்டை) அடைச்சு, மேல் சுவர்ல பால் கல் படிஞ்சிருக்கு. ஆளை உள்ள இறக்கி தேய்ச்சு எடுங்கன்னு மேல இருந்து சொல்றாங்க. செய்யலாமா?

கிளவுஸ், மாஸ்க் எது வாங்கணும்னும் சொல்லுங்க. இப்போ இருக்கறது துணி மாஸ்க், லேப்ல போடற மெல்லிசு நீல கிளவுஸ், அவ்வளவுதான்.

மூன்றாம்ஷிப்ட்:

ஆசிட் கேன் மேல் பழி போடாதீர்கள். கலப்பு கால்வாயில் நடக்கிறது.

உங்கள் இடத்தில் ஹைப்போ எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். கிரேட் வாஷர் (பால் பாக்கெட் கூடை கழுவும் மெஷின்), வாசலில் கால் நனைக்கும் தொட்டி, தரைக்கு அடிக்கும் நுரை. இந்த நுரையைத்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். ஆட்களைப் பொறுத்தவரை அது 'சோப்பு'. கேனைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 'குளோரினேட்டட்' என்று ஒரு சொல் இருந்தால் அதில் காஸ்டிக்கும் ஹைப்போவும் சேர்ந்தே இருக்கிறது. காரத்தோடு இருக்கும் வரை ஹைப்போ சாதுவாகக் கிடக்கும், கால்வாயின் தேங்கு குழியில் மணிக்கணக்கில் நிற்கும். அதன் மேல் உங்கள் 0.8 சதவீத நைட்ரிக், பி.எச் சுமார் 1, நூற்றுக்கணக்கான லிட்டர், சூடு ஆறாமல் வந்து விழுந்தால் குளோரின் வாயுவாகவே எழும். 'வாரத்தில் ரெண்டு மூணு நாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, நுரை அடிக்கும் நேரத்தையும் ஆசிட் வடிக்கும் நேரத்தையும் ஒரே தாளில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இரண்டும் அடுத்தடுத்து விழுந்த நாட்கள்தான் அவை என்று தெரியும்.

'ஹைட்ரோகுளோரிக்கோடதான ஹைப்போ சேரக்கூடாது, நைட்ரிக்குக்கு என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. ஹைப்போ தயாராகும்போதே சம அளவு உப்பும் அதில் உண்டாகிவிடுகிறது. குளோரின் வெளிவரத் தேவையான மற்றப் பாதி அந்த உப்பிலிருந்தே கிடைக்கும். ஆகவே எந்த ஆசிட்டும் போதும். பாஸ்பாரிக் கலந்த டீஸ்கேலர் (படிவு நீக்கி), சிட்ரிக், எதுவானாலும் சரி.

அளவு எவ்வளவு என்று தெரிந்தால்தான் பயம் வரும். கடையில் வரும் 10 சதவீத ஹைப்போ ஒரு லிட்டரில் 100 கிராம் குளோரின் இருக்கிறது. முழுவதும் ஆசிட்டோடு சேர்ந்தால் சுமார் 35 லிட்டர் வாயு. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள அறையில் அது ஒரே சீராகப் பரவினால்கூட 140 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 140 பங்கு) மேல். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் எல்லை 10 பி.பி.எம். சீராகப் பரவவும் பரவாது. காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தரையாகக் கிடக்கும். குனிந்து வால்வ் திறப்பவர் மூக்கு அங்கேதான் இருக்கிறது.

2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பர்லிங்டனில் ஓர் உணவகச் சமையலறையில் நடந்தது இதேதான். தரையில் ஆசிட் டீஸ்கேலர் சிந்தியிருந்தது. அது தெரியாமல் இன்னொருவர் குளோரின் கிளீனரைப் போட்டுத் தரை கழுவ ஆரம்பித்தார். தரையில் பச்சை நிறமாகக் குமிழி விட்டது. அதை வைப்பரால் வெளியே தள்ளப் பார்த்த மேலாளர் இறந்துபோனார். பக்கெட்டில் யாரும் கலக்கவில்லை, தரையில் சேர்ந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: சி.ஐ.பி டேங்க்குகளின் வடிகாலைத் திறந்த கால்வாயில் விடாமல் மூடிய பைப்பில் இ.டி.பி-யின் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சமன்படுத்தும் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். செலவு ஒரு நாள் வெல்டிங்கும் சில நீளம் எச்.டி.பி.இ (கெட்டி பிளாஸ்டிக்) பைப்பும்தான். அது ஆகும் வரை, ஆசிட் வடிக்கும் முன் கால்வாயில் 5 நிமிடம் முழு வேகத்தில் தண்ணீர் விட்டு, தேங்கு குழித் தண்ணீரில் ஸ்டார்ச்-அயோடைடு காகிதத்தை நனைத்துப் பாருங்கள். நீலம் காட்டினால் ஹைப்போ இன்னும் இருக்கிறது, ஆசிட் வால்வைத் தொடக் கூடாது. கிரேட் வாஷர் அதே கால்வாயில் விழுகிறதென்றால் அதையும் அந்த நேரம் நிறுத்த வேண்டும். ஆசிட் நாளில் தரைக்குக் குளோரின் இல்லாத நுரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சில நாள் அந்த வாடை ஹைப்போ மாதிரி இல்லாமல் அழுகிய முட்டை மாதிரி வரலாம். குழியில் பால் சகதி நாட்கணக்கில் புளித்துக் கிடந்து அதில் ஆசிட் விழுந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது குளோரினைவிட வஞ்சகமானது, 100 பி.பி.எம்-ஐத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் வாடையே நின்றுவிடும். வாடை போய்விட்டது என்று திரும்பி உள்ளே போகக் கூடாது.

வாடை வந்தால் செய்ய வேண்டியது, காற்று வரும் திசையில் வெளியே போவது, வெளியே இருக்கும் பட்டனில் பம்ப்பை நிறுத்துவது. அவ்வளவுதான். தள்ளுவது, காஸ்டிக் ஊற்றிச் 'சரிக்கட்டுவது' எதுவும் வேண்டாம். இருமல் நின்றாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும்.

லேப்மேசை:

ரெண்டாவது கேள்விக்கு நான்.

பக்கெட் ஏன் கொதிக்குதுன்னா கணக்கு எளிது. காஸ்டிக் ஒரு கிலோ கரையறப்போ 1100 கிலோஜூல் சூடு வருது. 15 லிட்டர் தண்ணியில 5 கிலோ பிளேக்ஸ் கொட்டினா சுமார் 70 டிகிரி ஏறும். நம்ம ஊர் குழாய்த் தண்ணியே 30 டிகிரி. கொதிநிலைக்கு வந்தாச்சு. ஆனா டேங்க்குக்கு வேண்டிய மொத்தம் 15 கிலோவையும் 1000 லிட்டர் டேங்க்லயே கரைச்சா ஏறறது வெறும் 4 டிகிரி. அதனால பக்கெட்ல கரைக்கற வேலையையே நிறுத்துங்க.

பக்கெட்ல இன்னொரு கெட்டது இருக்கு. பிளேக்ஸ் அடியில போய் கட்டியா ஒட்டிக்கும், மேல தண்ணி சும்மா வெதுவெதுப்பா இருக்கும். கரையலையேன்னு குச்சி விட்டு ஒரு கிளறு கிளறுவாங்க. அடிக்கட்டி உடைஞ்சு மொத்தமும் ஒரே நொடியில கரையும், அப்பதான் முகத்துல தெறிக்கும். பக்கெட் அலுமினியமா இருந்துட்டா இன்னும் மோசம், காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னு ஹைட்ரஜன் வாயு விடும். ஜி.ஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பக்கெட்டும் ஆகாது. எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அல்லது எச்.டி.பி.இ மட்டும்.

செய்முறை: டேங்க்ல முதல்ல 900 லிட்டர் பச்சைத் தண்ணி. ஸ்டீம் வால்வ் மூடியிருக்கணும். பம்ப்பை ஓட்டி டேங்க்குள்ளயே சுத்த விடுங்க, திரும்பி வர்ற பைப்போட வாய் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கணும், மேல இருந்து விழுந்தா தெறிக்கும். பிளேக்ஸை ஒரு தடவைக்கு ரெண்டு கிலோவா, நீளக் கைப்பிடி எஸ்.எஸ் கரண்டியில, தண்ணிக்குக் கிட்டக்க கொண்டுபோய் விடுங்க. முழுசும் போனதும் தண்ணியை 1000-க்கு நிரப்பி, அப்புறம்தான் சூடு. எப்பவும் தண்ணியில காஸ்டிக். காஸ்டிக்ல தண்ணி ஊத்தினா தப்பு.

ஆனா நடைமுறையில தெறிக்கறது புதுசா கரைக்கற நாள்ல இல்லை, 'டாப் அப்' நாள்லதான். ரிட்டர்ன் வந்த காஸ்டிக் 70 டிகிரியில இருக்கும், செறிவு குறைஞ்சிருக்கும், ஷிப்ட் முடியற அவசரத்துல மூட்டையோட ரெண்டு கை அள்ளி மேல இருந்து போடுவாங்க. விழுந்த இடத்துல பொங்கும். டாப் அப் பண்ணணும்னா 40 டிகிரிக்குக் கீழ ஆறட்டும். காத்திருக்க முடியாதுன்னா பிளேக்ஸை விட்டுட்டு 48 சதவீத லை (கரைச்சே வர்ற காஸ்டிக்) வாங்குங்க, மூடின பைப்ல டோசிங் பம்ப் வெச்சு ரிட்டர்ன் லைன்ல விடலாம். 1000 லிட்டருக்கு 1.5 சதவீதம் வேணும்னா லை சுமார் 21 லிட்டர். நைட்ரிக் 0.8 சதவீதத்துக்கு 60 சதவீத ஆசிட் 9.7 லிட்டர், அதாவது 13.3 கிலோ. லிட்டரும் கிலோவும் ஒண்ணுன்னு நினைச்சு ஊத்தறவங்களாலதான் பாதி இடத்துல ஆசிட் செறிவு எகிறுது.

எவ்வளவு டாப் அப் பண்ணணும்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. பி.எச் காகிதமும் உதவாது, 0.5 சதவீதமும் 2 சதவீதமும் அதுல ஒரே நிறம்தான். டைட்ரேஷன் (சொட்டு சொட்டா விட்டு செறிவு அளக்கறது) ரெண்டு நிமிஷ வேலை. ஆறின மாதிரி 10 மில்லி, பினாப்தலீன் (நிறம் காட்டி) ரெண்டு சொட்டு, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக்ல இளஞ்சிவப்பு போற வரைக்கும். செலவான மில்லியை 0.4-ஆல பெருக்கினா காஸ்டிக் சதவீதம். 3.75 மில்லி போச்சுன்னா 1.5 சதவீதம் சரியா இருக்கு. 2.75 மில்லின்னா 1.1 சதவீதம், 1000 லிட்டருக்கு நாலு கிலோ போடணும், மூட்டை தேவையில்லை. ஆசிட் பக்கம் 1 நார்மல் காஸ்டிக்ல டைட்ரேட் பண்ணி 0.63-ஆல பெருக்குங்க. ஆளுங்களுக்குக் கை படற கெமிக்கல் அளவு பாதியா குறையறது இந்தக் கணக்காலதான்.

ரெண்டு டேங்க்குக்கும் ஒரே அளக்கற மக்கு, ஒரே புனல் வெச்சிருந்தா அதை இன்னைக்கே நிறுத்துங்க. அடர் ஆசிட் ஒட்டின மக்குல பிளேக்ஸ் விழுந்தாலே சீறும். ஆசிட் பக்கம் சிவப்புக் கைப்பிடி, காஸ்டிக் பக்கம் நீலம்னு வெச்சுட்டா படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும்.

பாலாடை77:

லேப்மேசை அண்ணே, டாப் அப் விஷயம் அப்படியே எங்க இடத்துல நடக்கறது. நுரை லேபிளும் பார்த்துட்டேன், குளோரினேட்டட்னுதான் இருக்கு.

முதலுதவிக்கு ஒரு சந்தேகம். காஸ்டிக் பட்டா ஊத்தறதுக்குன்னு வினிகர் பாட்டிலும், ஆசிட்டுக்கு சோடா உப்பும் ரூம்ல வெச்சிருக்காங்க. மோர் ஊத்தினா போதும்னு ஒருத்தர் சொல்றார். எது சரி?

கொங்குப்பால்:

மூணும் வேண்டாமுங்க. தண்ணி, தண்ணி, தண்ணி.

காரத்து மேல வினிகர் ஊத்தினா ரெண்டும் சேர்றப்போ சூடு வரும், ஏற்கெனவே வெந்த தோலு இன்னும் வேகும். அதைவிட முக்கியம், பாட்டிலைத் தேடித் திறக்கற அந்த அரை நிமிசம். காஸ்டிக் தோலுல பட்டதும் எரியாது, சோப்புப் போட்டாப்ல வழவழன்னு இருக்கும். அந்த வழவழப்பு தோல்ல இருக்கற கொழுப்பு சோப்பாக் கரையறதுங்க. வலிக்கலையேன்னு துணியில துடைச்சிட்டு வேலையைப் பார்க்கப் போவாங்க, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் புண்ணு தெரியும். வேர்வையில நனைஞ்ச கையில பிளேக்ஸ் தூசு ஒட்டினாலும் இதே கதை. வழவழப்பு போனதுக்கு அப்புறமும் விடாம 15 நிமிசம் ஓடற தண்ணியில காட்டணும். சட்டை, பேண்ட், பூட்ஸ் எல்லாத்தையும் தண்ணிக்கு அடியிலயே கழட்டணும், கூச்சம் பார்க்கக் கூடாது.

கண்ணுல பட்டா ஆசிட்டைவிட காஸ்டிக்தான் பயங்கரம். ஆசிட் மேல்பரப்பை வேக வெச்சு ஒரு தடுப்பு மாதிரி உண்டாக்கிரும், காரம் உள்ளே கரைச்சுக்கிட்டே போவும். இமை தானா இறுக மூடிக்கும். இன்னொரு ஆளு விரலால இமையை விரிச்சுப் புடிச்சே ஆகணும், குறைஞ்சது 15 நிமிசம், காஸ்டிக்னா அரை மணி நேரம். கழுவி முடிச்சாத்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி. போறப்போ கெமிக்கல் லேபிளை போன்ல படம் எடுத்துட்டுப் போங்க. வாயில போயிருச்சுன்னா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, போன வழியிலயே திரும்பவும் வெந்துக்கிட்டு வரும்.

இப்ப கிளவுஸ். லேப் நீல கிளவுஸ் ரொம்ப மெல்லிசு. காஸ்டிக்குக்குத் தடிமனான நைட்ரைல், முழங்கை தொடற நீளம். 60 சதவீத நைட்ரிக் அந்த நைட்ரைலையே கெடுத்துரும், அதுக்கு நியோபிரீன் இல்லாட்டி பியூட்டைல் ரப்பர். ரெண்டு ஜோடி, ரெண்டு நிறம், ரெண்டு ஆணி. போடறதுக்கு முன்னாடி ஊதி, முறுக்கி, காத்து போவுதான்னு பாருங்க. கையைத் தலைக்கு மேல தூக்கற வேலைன்னா கிளவுஸ் வாயை வெளிப்பக்கம் மடிச்சு விடணும், இல்லாட்டி வழியற காஸ்டிக் நேரா அக்குளுக்கு வரும். பேண்ட் கம் பூட்ஸுக்கு வெளிய தொங்கணும். உள்ள சொருகுனா பூட்ஸே டம்ளர் ஆயிரும்.

கண்ணுக்கு ஓட்டை இல்லாம ஒட்டி உக்கார்ற காகிள்ஸ், அதுக்கு மேல பேஸ் ஷீல்டு. ஷீல்டு மட்டும் போட்டா கீழ இருந்து தெறிக்கறது உள்ள ஏறும். ஏப்ரன் பி.வி.சி.

துணி மாஸ்க் வாயுவுக்கு எதுவும் பண்ணாதுங்க. குளோரினுக்குச் சாம்பல் பட்டை போட்ட பி வகை கார்ட்ரிட்ஜ் வேணும். ஆனா நைட்ரிக்ல இருந்து வர்ற பழுப்புப் புகைக்கு அது ஆகாது, நீலம்-வெள்ளை பட்டை போட்ட தனி வகை இருக்கு. எல்லாமே தப்பிச்சு ஓடறதுக்குத்தான், புகைக்குள்ள நின்னு வேலை பார்க்கறதுக்கு இல்லை.

அந்தப் பழுப்புப் புகை பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். அடர் நைட்ரிக் பித்தளை வால்வ், செம்பு, இரும்பு மேல பட்டா கிளம்பும். சுவாசிச்ச ஆளுக்கு அப்போ லேசா இருமல்தான் இருக்கும், வீட்டுக்குப் போயி சாப்பிட்டுப் படுப்பாரு. பல மணி நேரம் கழிச்சு, ராத்திரியில நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு முட்டும். அதனால புகை பட்ட ஆளை ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. சிந்துன நைட்ரிக்கை மரத்தூள், காட்டன் வேஸ்ட் போட்டு உறிஞ்ச வைக்கக் கூடாது, அது தானாவே தீப்புடிக்கலாம். மணல் போடுங்க, இல்லாட்டி தாராளமாத் தண்ணி. முன்னாடி சொன்ன மாதிரி கால்வாயைப் பார்த்துட்டு.

வால்வுக்காரர்:

சைலோ கேள்விக்கு யாரும் வரவில்லை, அதுதான் ஆள் போகிற விஷயம்.

முதலில், ஸ்ப்ரே பாலைக் கழற்ற உள்ளே இறங்கவே வேண்டியதில்லை. பெரும்பாலும் மேலிருந்து ஒரு யூனியனில் (நட்டுப் போட்ட பைப் இணைப்பு) அல்லது ஒரு பின்னில்தான் தொங்கும், மேல்தளத்திலிருந்தே சி.ஐ.பி லைனோடு உருவி எடுத்துவிடலாம். உள்ளே பார்த்தால் கேஸ்கெட் துணுக்கு, வெல்டிங் பிசிறு, பிளேக்ஸ் மூட்டை நூல் ஏதாவது துளையை அடைத்திருக்கும். பம்ப்பின் ரிட்டர்ன் பக்கம் ஒரு வலை வடிகட்டி போடாவிட்டால் திரும்பத் திரும்ப அடைக்கும். அடைப்பு எடுத்த பின் பால் கல்லுக்கு ஆசிட் சுற்றை 20 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம் ஓட்டுங்கள், செறிவை ஏற்றாதீர்கள். ஒரு சுற்றில் போகாவிட்டால் காஸ்டிக், ஆசிட் என்று இன்னொரு முறை. பால் கல் என்பது கால்சியம் பாஸ்பேட்டும் வெந்த புரதமும் அடுக்கடுக்காகப் படிந்தது, ஆசிட் மட்டும் ஓட்டினால் புரத அடுக்கு தடுத்துவிடும். யாராவது 'கக்கூஸ் ஆசிட்' போடலாம் என்றால் விடாதீர்கள், ஹைட்ரோகுளோரிக் எஸ்.எஸ் 304-ல் ஊசித் துளை போடும்.

அதற்கும் போகாமல் இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வரிசை இது. பால் வரும் பைப்பையும் சி.ஐ.பி பைப்பையும் வால்வ் மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள். பட்டர்பிளை வால்வின் ரப்பர் கசியும், காற்றில் இயங்கும் வால்வ் என்றால் கன்ட்ரோல் ரூமில் யாரோ ஒருவர் பட்டனைத் தொட்டால் திறந்துவிடும். பைப்பின் வளைவுத் துண்டைக் (பெண்ட்) கழற்றித் தரையில் வையுங்கள், முனைக்கு மூடி போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருக்க வேண்டும். கிளறியின் ஐசொலேட்டரை (மின் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அணைத்துப் பூட்டு, சாவி உள்ளே போகிறவர் பையில். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள், வேறு பேனலைப் பூட்டியிருந்தால் அப்போதுதான் தெரியும்.

தண்ணீரால் அலசி ஆறவிட்டு, காற்றோட்டம் கொடுத்து, மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் அளவிடுங்கள். ஆக்சிஜன் 19.5-க்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் ஆள். கார்ட்ரிட்ஜ் மாஸ்க் ஆக்சிஜன் தராது என்பதை நினைவில் வையுங்கள். விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஏ பிரிவிலேயே இந்த எண் இருந்தது. சாதாரண 230 வோல்ட் ஹேண்ட் லாம்ப்பை ஈரமான எஸ்.எஸ் தொட்டிக்குள் விடுவது கெமிக்கலைவிட வேகமாக ஆளை எடுக்கும். ஹார்னஸ், கயிறு, மேன்ஹோலில் ஒரு ஆள். உள்ளே இருப்பவர் மயங்கினால் அவர் கயிற்றை இழுக்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். இறங்கக் கூடாது. இப்படிப்பட்ட இடங்களில் இரண்டாவதாக விழுபவர் காப்பாற்றப் போனவர்தான். இவ்வளவும் உங்களிடம் இல்லையென்றால் மேலே இருப்பவருக்கு எழுத்தில் 'இல்லை' என்று கொடுங்கள்.

உள்ளே போய் அடர் ஆசிட்டை பிரஷ்ஷில் தொட்டுத் தேய்ப்பது எந்த நிலையிலும் கிடையாது.

சைலோவுக்கே ஒரு ஆபத்து இருக்கிறது. 75 டிகிரி காஸ்டிக் ஓடி முடிந்ததும் உள்ளே முழுக்க நீராவி. உடனே பச்சைத் தண்ணீர் ஸ்ப்ரே பாலில் அடித்தால் ஆவி நொடியில் நீராகி வெற்றிடம் உண்டாகும். மேலே இருக்கும் காற்றுத் துளையை (வென்ட்) காய்ந்த பால் நுரை அடைத்திருந்தால், அல்லது யாராவது பூச்சி போகாமல் இருக்க பாலித்தீன் கட்டி வைத்திருந்தால், தொட்டி டப்பா மாதிரி உள்ளே நசுங்கும். சூடான சுற்றுக்கு முன் வென்ட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பது கட்டாயம், மேன்ஹோல் மூடியை விட்டு நகர்ந்து நிற்பதும்.

யூனியன் திறக்கும்போதும் இதே கவனம் வேண்டும். பம்ப் நின்றாலும் லைனில் சூடான காஸ்டிக் அழுத்தத்தோடு நிற்கும். முதலில் தாழ்வான வடிகால் வால்வ். பிறகு நட்டை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, முகத்தைத் தள்ளிவைத்து, கசிவு நிற்கும் வரை காத்திருந்து, அப்புறம் முழுதும்.

கேன் வைக்கும் இடம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆசிட்டும் ஹைப்போவும் தனித்தனி தடுப்புத் தொட்டியில், தனித்தனி சுவருக்குப் பின்னால். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் அட்சிசனில் ஒரு உணவு மூலப்பொருள் ஆலையில், லாரியில் வந்த சல்பியூரிக் ஆசிட்டை ஹைப்போ தொட்டியின் வாயில் மாட்டிவிட்டார்கள். இரண்டு வாய்களுக்கும் இடையே 18 அங்குலம், ஒரே மாதிரி கப்ளிங். ஊர் மேல் பச்சை மேகம் போனது, 140-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவ உதவி தேடினார்கள். உங்களுக்கு டேங்கர் வராது, ஆனால் ஒரே நிறத்தில் 35 லிட்டர் கேன்கள் வரிசையாக வரும். கேனின் மூடியை நம்பாதீர்கள், லேபிளைப் படிக்காமல் ஊற்றக் கூடாது. பெரஅசிட்டிக் ஆசிட் வாங்கினால் அதன் மூடி காற்று விடும் மூடி, வேறு மூடி போட்டு இறுக்கினால் கேன் வெடிக்கும். எடுத்ததில் மீதியானதைத் திரும்ப கேனில் ஊற்றவும் கூடாது, ஒரு துளி அழுக்கு போதும் அது சிதைந்து சூடாக.

பாலாடை77:

எல்லாருக்கும் நன்றி. சைலோவுக்கு ஆளை இறக்கறதில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டேன், ஸ்ப்ரே பாலை மேல இருந்தே கழட்டிப் பார்க்கறோம். கடைசியா ஒண்ணு. ஷவரும் ஐ வாஷும் வைக்கறோம், மொட்டை மாடியில 500 லிட்டர் சின்டெக்ஸ்ல இருந்து லைன். போதுமா?

கொங்குப்பால்:

போதாதுங்க. அவசர ஷவர்ல நிமிசத்துக்கு 75 லிட்டர் கொட்டணும், 15 நிமிசத்துக்கு 1,100 லிட்டருக்கு மேல. 500 லிட்டர் ஆறரை நிமிசத்துல காலி. சும்மா குளிக்கற ஷவர் தலையை மாட்டிட்டு வைக்காதீங்க, தண்ணி பத்தாது.

அதைவிட, மொட்டை மாடிக் கருப்பு டேங்க், வெயில்ல கிடக்கற பைப். ஏப்ரல் மாசம் மத்தியானம் மூணு மணிக்கு அந்தத் தண்ணியில கையே வைக்க முடியாது. வெந்த கண்ணுல அதை ஊத்துவீங்களா? ஐ வாஷ் தண்ணி 16-ல இருந்து 38 டிகிரிக்குள்ள இருக்கோணும். 1,500 லிட்டர் டேங்க்கை நிழல்ல வைங்க, வெள்ளை டேங்க், பைப்பை மண்ணுக்குள்ள கொண்டு வாங்க, இல்லாட்டி இன்சுலேஷன் சுத்துங்க.

இடம்: கெமிக்கல் ஊத்தற இடத்துல இருந்து 10 நொடி நடைக்குள்ள. நடுவுல கதவு, படி, கேன் அடுக்கு எதுவும் வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டு ஒரு ஆளை நடக்கச் சொல்லிப் பாருங்க, எதுல இடிக்கறாரோ அதை எடுத்துருங்க. வாரம் ஒருக்கா திறந்து, துருத்தண்ணி போயி தெளியற வரைக்கும் விடோணும். நாசில்ல குளவி கூடு கட்டும், அதுக்கு மூடி இருக்கறதா வாங்கிக்கங்க, தண்ணி அழுத்தத்துலயே தானா தெறிச்சுத் திறக்கற மூடி.